எம்பி4 ஆக்கியதும் முகம் ஒல்லியாகிறதா? அகலத்திரை வீடியோவின் அளவுக் கோளாறுகளைப் பிடிப்பதும் சரிசெய்வதும்

டைம்லைனில் ஒழுங்காக ஓடிய வீடியோ, எம்பி4 ஆனதும் எல்லோரையும் நெடுநெடுவென்று ஒல்லியாக்கிவிடுகிறது. இல்லையென்றால் மணப்பெண்ணின் முகம் பூரி மாதிரி உப்பிவிடுகிறது. அதுவும் இல்லையென்றால் நாலு பக்கமும் கருப்புச் சட்டம் விழுந்து, நடுவில் தபால்தலை அளவில் படம் ஓடுகிறது. மூன்றும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. அகலத்தைக் கொஞ்சம் கூட்டி, உயரத்தைக் கொஞ்சம் குறைத்து என்று கண்மதிப்பில் திருகிக்கொண்டே போனால், ஒரு தவறை இன்னொரு தவறு மூடி மறைத்த ஃபைல்தான் கிடைக்கும். அது உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடும். அத்தை வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகியதும் குட்டு வெளிப்படும்.

720×576 என்பது படத்தின் வடிவம் அல்ல

குழப்பத்துக்கெல்லாம் வேர் இதுதான். வீடியோ ஃபைலில் சேமித்திருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அகலமாகக் காட்டப்பட வேண்டும் என்ற பிக்சல் விகிதம் இன்னொன்று. திரையில் தெரியும் வடிவம் இவை இரண்டும் சேர்ந்து வருவது. கணக்கு எளிது: சேமித்த அகலத்தைப் பிக்சல் விகிதத்தால் பெருக்குங்கள், உயரத்தால் வகுங்கள். 720×576 ஃபைலின் பிக்சல் விகிதம் 16/15 என்றால் 768×576 ஆகத் தெரியும். அது பழைய 4:3. அதே 720×576 ஃபைலில் பிக்சல் விகிதம் 64/45 என்றால் 1024×576. அது 16:9 அகலத்திரை. புள்ளிகள் அதே எண்ணிக்கைதான். மாறியது ஒரு சின்னக் குறிப்பு மட்டும்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1982-இல் வந்த 601 என்ற சர்வதேசப் பரிந்துரை, டிஜிட்டல் வீடியோவில் ஒரு வரிக்கு 720 புள்ளி என்று நிர்ணயித்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் ஓடிய பிஏஎல் தொலைக்காட்சி முறைக்கும் சரி, அமெரிக்கா, கனடாவின் என்டிஎஸ்சி முறைக்கும் சரி, அகலம் அதே 720. உயரம் மட்டும் 576, 480 என்று வேறுபட்டது. பிற்பாடு அகலத்திரை வந்தபோது இந்த 720-ஐ யாரும் மாற்றவில்லை. படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே 720-க்குள் அடைத்து, ‘காட்டும்போது விரித்துக் காட்டு’ என்று குறிப்பு எழுதிவைத்தார்கள். இதற்குத்தான் அனமார்ஃபிக் என்று பெயர். மினி டிவி கேசட் (இந்த டிவி தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ), டிவிடி இரண்டும் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதன்பின் வந்த எச்டிவி (HDV, இதுவும் தொலைக்காட்சி அல்ல) கேசட் கேமராக்களும் அதே தந்திரத்தைத்தான் கையாண்டன: சேமிப்பது 1440×1080, பிக்சல் விகிதம் 4/3, தெரிவது 1920×1080.

எக்ஸ்போர்ட் செய்யும்போது இந்தக் குறிப்பு தொலைந்தால் படம் நெருங்கியபடியே நிற்கும். யாரோ ஏற்கெனவே விரித்துவிட்ட பிறகும் குறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டாம் முறையும் விரியும்.

இதில் இன்னொரு சிக்கல், குறிப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம் என்பது. எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ ஓட்டத்துக்குள் ஒன்று, அதைப் பொதிந்து வைத்திருக்கும் எம்பி4 உறையில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பிளேயர் உள்ளே இருப்பதைப் படிக்கும், இன்னொன்று உறையில் இருப்பதைப் படிக்கும், மலிவான டிவியின் யுஎஸ்பி பிளேயர் இரண்டையும் படிக்காமல் போகலாம். ‘கணினியில் சரி, டிவியில் தப்பு’ என்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

முதலில் ஒரு வட்டத்தை அளங்கள்

முகத்தைப் பார்த்து ஒல்லியா குண்டா என்று முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடம் பார்த்தால் எந்த முகமும் பழகிவிடும். படத்தில் வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள். கல்யாண வீடியோவில் வட்டத்துக்குப் பஞ்சமே இல்லை: சுவர்க்கடிகாரம், தவிலின் முகம், மாப்பிள்ளை அழைப்புக் காரின் சக்கரம். கேமராவுக்கு நேர் எதிராக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். தரையில் கிடக்கும் தாம்பாளம் உதவாது, சாய்ந்து தெரியும் வட்டம் எப்போதுமே நீள்வட்டம்தான்.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, திரைமேல் ஸ்கேலை வைத்து வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளங்கள். அதற்கு முன் மானிட்டரையே ஒருமுறை சோதிப்பது நல்லது. பெயின்ட் மாதிரி ஒரு மென்பொருளில் 500×500 சதுரம் வரைந்து அளந்து பாருங்கள். அகல மானிட்டரில் டெஸ்க்டாப் 1024×768-இல் ஓடிக்கொண்டிருந்தால் சதுரமே சப்பையாகத் தெரியும். பழி வீடியோமேல் விழும்.

அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

- 0.70 – பிஏஎல் அகலத்திரை 720×576. குறிப்பு தொலைந்து, பிக்சல்கள் சதுரமாகக் காட்டப்படுகின்றன.
- 0.75 – 16:9 படம் 4:3 சட்டத்துக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. அல்லது எச்டிவியின் 1440×1080 அப்படியே சதுரப் பிக்சலாக எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறது.
- 0.84 – என்டிஎஸ்சி அகலத்திரை 720×480, குறிப்பு இல்லை.
- 0.94 – பிஏஎல் 4:3, குறிப்பு இல்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாது. பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.
- 1.13 – என்டிஎஸ்சி 4:3, குறிப்பு இல்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கேசட்டுகளில் பார்க்கலாம். எல்லோரும் லேசாக உப்பியிருப்பார்கள்.
- 1.33 – 4:3 படம் 16:9 ஆக இழுக்கப்பட்டிருக்கிறது. எச்டிவி படம் இரண்டு முறை விரிந்தாலும் இதே எண்தான்.
- 1.42 – பிஏஎல் அகலத்திரை இரண்டு முறை விரிந்திருக்கிறது.

0.98-க்கும் 1.03-க்கும் இடையில் வந்தால் அளவுகோலைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த அளவு வித்தியாசம் ஏன் வருகிறது என்று பின்னால் பார்ப்போம்.

அடுத்து மீடியா இன்ஃபோ. இலவச மென்பொருள்தான். ஃபைலை அதில் திறந்து அகலம், உயரம், டிஸ்ப்ளே ஆஸ்பெக்ட் ரேஷியோ ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஒரிஜினல் டிஸ்ப்ளே ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று இன்னொரு வரியும் சேர்ந்து வந்தால், உறையும் உள்ளோட்டமும் முரண்படுகின்றன என்று அர்த்தம். விஎல்சியில் வீடியோ ஓடும்போது ஏ விசையைத் தட்டத் தட்ட 16:9, 4:3 என்று வடிவம் மாறும். 16:9-இல் வட்டம் வட்டமானால் புள்ளிகள் பத்திரமாக இருக்கின்றன, குறிப்பு மட்டுமே தவறு. அப்படியானால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யவே தேவையில்லாமல் போகலாம்.

கோளாறு உள்ளே வரும்போதா, வெளியே போகும்போதா?

படத்தில் இருக்கும் வட்டம் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக்கு எடிட்டிங் மென்பொருளின் டைட்டில் கருவியில் ஒரு வெள்ளை வட்டம் வரைந்து, டைம்லைனில் 5 விநாடிக்குப் படத்தின்மேல் போடுங்கள். இப்போது இரண்டு வட்டங்கள்: கேமரா கொண்டுவந்தது ஒன்று, மென்பொருள் வரைந்தது ஒன்று. அந்தத் துண்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்.

மென்பொருள் வரைந்த வட்டம் சரியாக இருந்து, கடிகாரம் மட்டும் நசுங்கியிருந்தால் தவறு உள்ளே வரும் வழியில். கிளிப்பின் பிக்சல் விகிதத்தை மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்போர்ட் அமைப்பில் எதைத் தொட்டாலும் இது தீராது. தொட்டால் டைட்டிலும் சேர்ந்து கெடும். இரண்டு வட்டமும் ஒரே மாதிரி நசுங்கியிருந்தால் தவறு வெளியே போகும் வழியில், அல்லது பிளேயரில். ஒரு ஃபைல், இரண்டு வட்டம், ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் அமைப்புகளில் கை வைக்காதீர்கள்.

உள்ளே வரும் வழியைச் சரிசெய்வது

பிரீமியர் புரோவில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் போங்கள். பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ பகுதியில் ‘கன்ஃபார்ம் டு’ என்பதில் பிஏஎல் வைட்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுங்கள். டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்பை ரைட் கிளிக் செய்தால் கிளிப் அட்ரிபியூட்ஸ் வரும், பிக்சல் விகிதம் அங்கே. ஷாட்கட்டில் ப்ராபர்ட்டீஸ் பலகத்திலேயே ஆஸ்பெக்ட் ரேஷியோவை 16:9 என்று எழுதலாம். எந்த மென்பொருளானாலும் கிளிப்பை ஸ்கேல் எஃபெக்ட் கொண்டு கையால் இழுத்துச் சரிசெய்வதைத் தவிருங்கள். அது அந்த ஒரு கிளிப்போடு நின்றுவிடும், அடுத்த கிளிப்புக்கு மறந்துபோகும்.

ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் வயர் வழியாகக் கேசட்டை ஏற்றியிருந்தால் அகலத்திரைக் குறிப்பு தரவோடு சேர்ந்தே வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் யுஎஸ்பி கேப்ச்சர் கருவி வழியாக ஏற்றினால் வராது. அந்த வயரில் போவது வெறும் சிக்னல். கருவி 720×576 என்று பிடித்துக் கொடுத்துவிடும், வடிவத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிஏஎல் சிக்னலின் 23-ஆம் வரியில் அகலத்திரைக்கான சமிக்ஞை ஒன்று உண்டு. பிடித்த படத்தின் உச்சி வரியில் வெள்ளைக் கோடுகள் துண்டு துண்டாகத் துடித்தால் அது அதுதான். பழுது என்று பயப்பட வேண்டாம், கடைசியில் மேலிருந்து 2 வரி வெட்டிவிட்டால் போயிற்று.

வயரில் பிடிப்பவர்கள் அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிவிடி பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகை என்ன என்று பாருங்கள். 4:3 லெட்டர்பாக்ஸ் என்று இருந்தால் பிளேயரே மேலும் கீழும் கருப்புப் பட்டை சேர்த்து அனுப்பும், பான்-ஸ்கேன் என்று இருந்தால் இரு ஓரங்களையும் வெட்டி அனுப்பலாம். இரண்டுமே திரும்பி வராத நஷ்டம். 16:9 என்று மாற்றிவிட்டுப் பிடியுங்கள். கேம்கார்டர்களிலும் டிவி டைப் என்று இதே அமைப்பு இருக்கும்.

டிவிடி கையில் இருந்தால் வயரில் பிடிப்பதே வீண் வேலை. கணினியின் டிவிடி டிரைவில் போட்டு நேராக ஃபைலாக எடுத்தால் தரமும் குறையாது, குறிப்பும் தொலையாது.

உள்வழியில் இன்னொரு பொறி டைம்லைனின் வடிவம். 4:3 டைம்லைனில் 16:9 கிளிப்பைப் போட்டுவிட்டு, எக்ஸ்போர்ட்டில் ‘மேட்ச் சோர்ஸ்’ கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். அங்கே சோர்ஸ் என்பது டைம்லைன்தான், கிளிப் அல்ல. ரிசால்வில் கூடுதலாக, புராஜெக்ட் அமைப்பில் இமேஜ் ஸ்கேலிங் என்ற பகுதியைப் பாருங்கள். அளவு பொருந்தாத ஃபைல்களை என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் ‘எல்லா மூலைக்கும் இழு’ என்ற பொருளில் ஸ்ட்ரெச் தேர்வாகியிருந்தால் கலப்புக் கிளிப்புகள் எல்லாம் நசுங்கும். ‘ஃபிட்’ என்பதே பாதுகாப்பானது.

வெளியே போகும் வழி: சதுரப் பிக்சலே நிம்மதி

எக்ஸ்போர்ட்டில் இரண்டு வழி. நெருங்கிய 720×576 ஆகவே வைத்து, 64/45 என்ற குறிப்பை எழுதி அனுப்புவது ஒன்று. விரித்து 1024×576 ஆக்கி, பிக்சலைச் சதுரமாக்கி அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் புள்ளிகள் குறைவு, ஃபைலும் சற்றே சின்னது. ஆவணமாகப் பாதுகாக்க அது நல்ல வழிதான். ஆனால் பென்டிரைவில் போட்டு ஊருக்குக் கொடுப்பதற்கு அது வேண்டாம். குறிப்பைப் படிக்காத டிவி ஒன்று எங்காவது காத்திருக்கும். சதுரப் பிக்சலில் தவறாகப் புரிந்துகொள்ள எதுவும் இல்லை.

எந்த மூலத்துக்கு எந்த அளவு என்றால்: பிஏஎல் அகலத்திரைக்கு 1024×576, பிஏஎல் 4:3-க்கு 768×576, என்டிஎஸ்சி அகலத்திரைக்கு 854×480, என்டிஎஸ்சி 4:3-க்கு 640×480, எச்டிவிக்கு 1920×1080. 576 வரி உள்ள படத்தை 1080-க்குப் பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் வராது. எச்டி கிளிப்புகளோடு கலந்து ஒரே டைம்லைனில் போட வேண்டியிருந்தால் மட்டும் 187.5 சதவீதம் பெரிதாக்குங்கள். 1024×576 சரியாக 1920×1080 ஆகும்.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் இது டைமென்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அனமார்ஃபிக் என்பது வழக்கமாக ஆட்டோமேட்டிக்கில் நிற்கும், அதாவது முதல் வழி. அதை அணைத்துவிட்டு, கீழே காட்டும் இறுதி அளவு 1024×576 தானா என்று பாருங்கள். 720×404 போல ஏதாவது காட்டினால் அகலத்தை விரிப்பதற்குப் பதில் உயரத்தைச் சுருக்கியிருக்கிறது. வடிவம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் 172 வரி விவரம் போயிருக்கும். பெரிதாக்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, அளவை நீங்களே எழுதுங்கள். தானியங்கி கிராப்பையும் நம்பாதீர்கள். இருட்டான மண்டபக் காட்சிகள் அதிகம் உள்ள வீடியோவில் அது கருப்பு ஓரம் என்று நினைத்துப் படத்தையே வெட்டக்கூடும்.

பிரீமியரில் அகலம், உயரம் இரண்டுக்கும் நடுவே உள்ள சங்கிலிப் பூட்டைத் திறந்து 1024, 576 எழுதி, ஆஸ்பெக்ட்டில் ஸ்கொயர் பிக்சல்ஸ் கொடுங்கள். உடனே மேலும் கீழும் 7 வரிக்கு மெல்லிய கருப்புக் கோடு தெரியும். தலையைச் சொறிய வைக்கும் இந்தக் கோட்டுக்குக் காரணம் இதுதான்: பிரீமியர், பிஏஎல் அகலத்திரைக்கு 1.4587 என்ற விகிதத்தைப் பயன்படுத்துகிறது. அப்படிப் பார்த்தால் 720 புள்ளிகள் 1050 ஆக விரியும், 1024 ஆக அல்ல. 720 புள்ளிகளில் உண்மையான படம் இருப்பது நடுவில் உள்ள சுமார் 702 முதல் 704 வரைதான், இரு ஓரத்திலும் எட்டெட்டுப் புள்ளி உபரி என்பது இந்தக் கணக்கு. 64/45 என்பது 720 முழுவதையும் படமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை சதவீதம். இணையத்தில் இதற்காகச் சண்டை போட்டவர்கள் ஏராளம், வட்டத்தை அளந்தால் ஸ்கேலுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. சோர்ஸ் ஸ்கேலிங்கில் ஸ்கேல் டு ஃபில் கொடுங்கள். கோடு மறையும், இரு ஓரத்திலும் 13 புள்ளி வெட்டுப்படும். அதில் பெரும்பகுதி எப்படியும் கருப்பாகவோ மங்கலாகவோ இருந்த உபரிதான். ஸ்ட்ரெச் டு ஃபில் மட்டும் பழக்கமாகிவிட வேண்டாம். இங்கே பெரிய சேதம் செய்யாது, ஆனால் வடிவமே வேறான கிளிப்பில் சத்தமில்லாமல் நசுக்கிவிடும்.

எஃப்எஃப்எம்பெக் (கட்டளை எழுதி இயக்கும் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் ஃபில்டர் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் யாடிஃப் (இன்டர்லேஸைப் பிரிப்பது, பின்னால் வரும்), பிறகு கிராப், பிறகு ஸ்கேல் 1024:576, கடைசியில் செட்சார் 1 (பிக்சல் விகிதத்தை எழுதுவது). கடைசி ஃபில்டர் எதற்கு என்றால், ஸ்கேல் ஃபில்டர் தெரியும் வடிவத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிக்சல் விகிதத்தைத் தானே மாற்றி எழுதும். 1024:576-இல் அது சரியாக 1 ஆகிவிடும். ஆனால் 854:480 கொடுத்தால் 1280:1281 என்ற விசித்திரமான விகிதம் ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, சில எடிட்டர்கள் மட்டும் இதைச் சதுரமில்லாத பிக்சல் என்று எடுத்துக்கொண்டு தகராறு செய்யும். இன்னொன்று: உயரத்தைத் தானே கணக்கிடட்டும் என்று 1024-க்குப் பக்கத்தில் கழித்தல் 2 போடுகிற பழக்கம். வெறும் ஸ்கேல் ஃபில்டர் அந்தக் கணக்கில் பிக்சல் விகிதத்தைச் சேர்ப்பதில்லை, 720×576-இலிருந்து 1024×820 செய்து கொடுத்துவிடும். அனமார்ஃபிக் மூலத்துக்கு இரண்டு எண்ணையும் கையால் எழுதுவதே நல்லது.

853 ஏன் ஏறாது, பச்சைக் கோடு எங்கிருந்து வருகிறது

480 வரிக்குச் சரியான 16:9 அகலம் 853.33. அதனால் 853 என்று எழுதுவார்கள். அகலம் 2-ஆல் வகுபடவில்லை என்று என்கோடர் மறுக்கும். வழக்கமான எச்.264 வீடியோவில் நிறத்தகவல் இரண்டு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் சேமிக்கப்படுகிறது. ஒற்றைப்படை அகலத்துக்கு அங்கே இடமில்லை. 854 எழுதுங்கள்.

சில எக்ஸ்போர்ட்டர்கள் மறுக்காமல், 16-இன் மடங்குக்குத் தாமே நகர்த்திவிடும். 854 கேட்டால் 848 வரும். எச்.264 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரித்து வேலை செய்வதால் வரும் பழக்கம் இது. 1080-உம் 16-ஆல் வகுபடாது. உள்ளே 1088 வரியாகத்தான் என்கோட் ஆகிறது, கடைசி 8 வரியைக் காட்டாதே என்று ஒரு குறிப்பு சேர்கிறது. விஎல்சியில் கன்ட்ரோல் + ஜே அழுத்தி கோடெக் விவரத்தைப் பார்த்தால், 1920×1080-க்குப் பக்கத்தில் பஃபர் அளவு 1920×1088 என்று காட்டுவது இதைத்தான். அந்தக் குறிப்பை மதிக்காத பிளேயரில் அடியில் பச்சையாகவோ, கடைசி வரி இழுபட்டது போலவோ ஒரு கோடு தெரியும். படத்தில் பழுதில்லை. அந்தக் கருவிக்காகவே செய்வதென்றால் 1280×720-க்கு மாறுங்கள். அகலம், உயரம் இரண்டும் 16-இன் மடங்கு, வடிவமும் துல்லியமான 16:9. 1024×576, 768×432, 2560×1440 ஆகியவையும் அப்படியே. ஆச்சரியமாக 640×360 இந்தப் பட்டியலில் வராது.

கருப்புப் பட்டைகள்

பட்டை படத்திலேயே பதிந்ததா, பிளேயர் போடுவதா என்று முதலில் பிரித்தறியுங்கள். விஎல்சியை முழுத்திரையிலிருந்து சின்ன ஜன்னலாக்கி, ஜன்னலின் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். ஜன்னலின் வடிவத்துக்கேற்பப் பட்டை தோன்றி மறைந்தால் பிளேயர் போடுவது, விட்டுவிடலாம். எப்படி இழுத்தாலும் போகாதது பதிந்தது.

நாலு பக்கப் பட்டைக்கு ஒரே வரலாறுதான்: 16:9 படத்தை யாரோ 4:3 சட்டத்துக்குள் மேல்கீழ்ப் பட்டையோடு வைத்தார்கள். அந்த 4:3-ஐ இன்னொருவர் 16:9 சட்டத்துக்குள் இடவலப் பட்டையோடு வைத்தார். பிஏஎல் கணக்கில் 576 வரியில் படம் இருப்பது 432 வரி, மேலே 72, கீழே 72 கருப்பு. என்டிஎஸ்சியில் 360 வரி படம், 60-உம் 60-உம் கருப்பு. மூல 4:3 ஃபைல் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். மேல்கீழ் 72 வெட்டி, மிச்சத்தை 768×432 ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இழந்த வரிகள் திரும்பாது, ஆனால் டிவி அதை முழுத்திரைக்கு விரித்துக்கொள்ளும்.

வெட்டும்போது ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நேர்கிறது. விஎச்எஸ் கேசட்டிலிருந்து பிடித்த படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து ஆடும். அதை வெட்டுவார்கள், பிறகு வெட்டிய படத்தை மறுபடி 768×576-க்கு இழுப்பார்கள். 12 வரி வெட்டி 576-க்கு இழுத்தால் எல்லோரும் 2 சதவீதம் உயரம் கூடுவார்கள். வெட்டிய பின் மிஞ்சிய அகலத்தைப் பிக்சல் விகிதத்தால் பெருக்குங்கள், மிஞ்சிய உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் இறுதி அளவு. சட்டம் நிரம்பியே ஆக வேண்டும் என்றால் பக்கங்களிலும் அதே விகிதத்தில் வெட்டுங்கள்.

4:3 கல்யாண வீடியோவை 16:9 டிவியில் பட்டையில்லாமல் காட்டு என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் இரண்டே: இடமும் வலமும் பட்டை, அல்லது உயரத்தில் கால்பங்கு வெட்டு. தலையும் காலும் போகும். இழுத்து நிரப்புவது மூன்றாவது வழி அல்ல. யூடியூபில் ஏற்றுவதானால் பட்டையை நீங்கள் சேர்க்கவே வேண்டாம், 4:3 ஃபைலை அப்படியே ஏற்றினால் பிளேயரே இடம் ஒதுக்கிக்கொள்ளும்.

அளவு மாற்றும்போது கூடவே கெடுபவை

கேசட்டுப் படங்கள் இன்டர்லேஸ் வகை. ஒற்றை வரிகள் (மேல்புலம்) ஒரு கணம், இரட்டை வரிகள் (கீழ்ப்புலம்) அடுத்த கணம். இதைப் பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் அசையும் கையைச் சுற்றிச் சீப்புப்பல் போலப் பிசிறு பதிந்துவிடும், பிறகு எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. அதனால் டிஇன்டர்லேஸ் எப்போதும் அளவு மாற்றத்துக்கு முன். மினி டிவி கேசட்டில் கீழ்ப்புலம் முதலில், எச்டிவியில் மேல்புலம் முதலில். மாற்றிக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னும் குலுங்கும். யாடிஃபை இரட்டை வேகத்தில் ஓட்டி விநாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்தால் நடன அசைவு மூலத்தில் இருந்தபடியே வழவழப்பாக வரும்.

576 வரிப் படத்தை 720 அல்லது 1080-க்கு உயர்த்தினால் நிறக் கணக்கும் 601-லிருந்து எச்டிக்கான 709 பரிந்துரைக்கு மாற வேண்டும். இல்லையென்றால் பட்டுச்சேலையின் சிவப்பும் தோல் நிறமும் லேசாக விலகும்.

தரத்துக்கு, 1024×576-இல் எக்ஸ்264 என்கோடரின் சிஆர்எஃப் (தர அளவு, எண் குறைந்தால் தரம் கூடும்) 18 முதல் 20 வரை போதும். பிட்ரேட்டில் சொல்வதானால், விநாடிக்கு 2.5 மெகாபிட் வைத்தால் 2 மணி நேரப் படம் ஒலி நீங்கலாக 2.25 ஜிபி. மூலக் கேசட் ஃபைல் மணிக்கு 13 ஜிபி. அதை அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை மீட்பது

விஎல்சியில் ஏ விசை தட்டியதும் வட்டம் சரியாகிறது என்றால் மறுபடி என்கோட் செய்து தரத்தைக் குறைக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் ஆஸ்பெக்ட் 16:9 என்று கொடுத்தால் உறையில் உள்ள குறிப்பு மட்டும் மாறும், 2 மணி நேரப் படத்துக்கும் சில விநாடிகள்தான். உள்ளோட்டத்துக் குறிப்பையும் சேர்த்து மாற்ற எச்264 மெட்டாடேட்டா என்ற பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் இருக்கிறது. அதில் பிக்சல் விகிதத்தை 64/45 என்று எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தினால் முன்பு சொன்ன முரண்பாட்டை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். எம்கேவி ஃபைல் போதும் என்பவர்களுக்கு எம்கேவி டூல்நிக்ஸில் வீடியோ தடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோ எழுதும் பெட்டி அங்கேயே இருக்கிறது.

4:3 படம் 1920×1080-க்கு இழுக்கப்பட்டுப் பதிந்துவிட்டாலும் இதே வைத்தியம்தான். காட்டும் வடிவம் 4:3 என்று எழுதினால் 1440×1080 ஆகச் சுருங்கித் தெரியும். குறிப்பைப் படிக்காத டிவிக்கு மட்டும் 1440×1080 சதுரப் பிக்சலாக மறு என்கோட் தேவைப்படும்.

இப்படிக் குறிப்பு திருத்திய ஃபைலை மறுபடி எடிட்டருக்குள் கொண்டுபோகும்போது எச்சரிக்கை தேவை. அங்கே முன்பு கையால் இழுத்துச் சரிசெய்த ஸ்கேல் அப்படியே இருந்தால் இரண்டும் சேர்ந்து வட்டம் 1.42 ஆகிவிடும்.

ஃபோனும் சினிமா சட்டமும்

நெட்டுக்குத்தாக எடுத்த ஃபோன் வீடியோ பெரும்பாலும் 1920×1080 ஆகவே சேமிக்கப்பட்டு, ‘90 பாகை திருப்பிக் காட்டு’ என்ற குறிப்போடு வரும். மீடியா இன்ஃபோவில் ரொட்டேஷன் 90 என்று இருக்கும். இதைக் கவனிக்காத எக்ஸ்போர்ட்டரில் ஆட்கள் படுத்துக்கிடப்பார்கள். எடிட்டரில் திருப்பி எக்ஸ்போர்ட் செய்த பிறகும் ரொட்டேஷன் வரி நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் மறுபடி திரும்பும். 1920×1080 சட்டத்துக்குள் நெட்டுக்குத்துப் படம் 608 புள்ளி அகலமே எடுக்கும்.

4096×2160 டைம்லைனை 1920×1080 ஆக்கினால் மேலும் கீழும் 34 வரி பட்டை வரும். சினிமா 4கே-யின் வடிவம் 16:9 அல்ல. டிவிக்கான 4கே 3840×2160. ஸ்கோப் படத்துக்கு 2.39 விகிதத்தில் 1920×804 என்று பட்டையில்லாமலே எக்ஸ்போர்ட் செய்யலாம், பட்டையை டிவி போட்டுக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு டிவியில் மட்டும் முகம் சப்பையாகத் தெரிந்தால், ஃபைலைத் தொடும் முன் அந்த ரிமோட்டை வாங்கிப் படத்தின் அளவு எதில் நிற்கிறது என்று பாருங்கள். 4:3 சானலை முழுத்திரையில் பார்ப்பதற்காக யாராவது வைட் அல்லது ஜூம் என்று வைத்திருப்பார்கள். ஒரிஜினல் அல்லது ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு, வட்டம் வரைந்த அந்த 5 விநாடித் துண்டை முதலில் ஓட்டுங்கள்.